மெழுகுத் துண்டின் இலக்கம்

ஏறாவூரில் ஒருவருக்கு இருமல் நீடித்தால் முதலில் அடுப்பில் இஞ்சியும் கொத்தமல்லியும் அவியும். அதற்குக் கேட்காவிட்டால் பாமசியில் ஒரு போத்தல் பாணி மருந்து. பிறகுதான் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசை, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு ஒன்று தெரிந்தால் எல்லாரும் சயரோகத்தைத்தான் நினைப்பார்கள். அந்த நோய் நம் நாட்டை விட்டு இன்னும் போகவில்லை என்பதால் அப்படி நினைப்பதிலும் பிழையில்லை. சளியில் கிருமி இல்லை என்று தெரிந்து, மட்டக்களப்புக்குப் போய் சி.ரி. ஸ்கேன் எடுத்து, நெஞ்சுக்குள் ஊசி விட்டு ஒரு துணுக்கு இழையம் எடுத்து, அதன் அறிக்கை கைக்கு வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும்.

அப்படி அறிக்கை வாங்கிய ஒரு உம்மாவை நினைத்துக்கொள்வோம். எனக்குத் தெரிந்த எவருமல்ல, இந்தக் கட்டுரைக்காக நான் கற்பனை செய்துகொண்டவர். வயது 55. வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் விறகடுப்பில் ஊதிச் சமைத்தவர். "அவ வெத்திலைகூடப் போடமாட்டாவே டொக்டர், உம்மாக்கு எப்படி இந்த வருத்தம்?" என்று மகன் கேட்கிறான். அறிக்கையில் இருப்பது சிறுகலமல்லாத நுரையீரல் புற்றுநோய். நோய் இரண்டு நுரையீரல்களுக்கும் பரவிவிட்டது.

பெயரே விசித்திரமானது. நுரையீரல் புற்றுநோய்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்குக் கிட்ட இந்த வகைதான். ஆனாலும் அதற்கென்று சொந்தப் பெயர் இல்லை. சிறுகல வகை அல்லாதது என்று மட்டும் சொல்லி விட்டிருக்கிறார்கள். மட்டக்களப்பார் தவிர்ந்த உலகத்தார் எல்லாரையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடியதற்குச் சமம் இது. பல வருடங்களாக மருத்துவ ஆய்வுகளும் நோயாளரை அந்தப் பெட்டியோடுதான் எடுத்துக்கொண்டன. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று திறந்து பார்க்காமல், எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சராசரியை அளந்தார்கள்.

அந்தக் காலத்தின் கணக்கை 1995இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டுகிறது. 52 ஆய்வுகள், 9,387 நோயாளர்கள். அதற்கு முந்திய காலத்தில் கொடுத்த சில பழைய கீமோ மருந்துகள் ஆயுளைக் கூட்டவில்லை, குறைத்தன என்பதே அங்கு தெரிந்தது. சிஸ்பிளாட்டின் சேர்ந்த மருந்துகளால், முற்றிய நோயுள்ளவர்களில் ஒரு வருடம் தாண்டி உயிரோடு இருப்போர் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடினார்கள். சராசரி நோயாளிக்கு அது ஒன்றரை மாதம். பிறகு அமெரிக்காவில் நான்கு கீமோ இணைகளை 1,207 பேரிடம் ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். 2002இல் வந்த முடிவில் நான்கும் சரிசமம், இடைநிலை ஆயுள் 7.9 மாதம். எந்த மருந்து வலியது என்ற கேள்வியை அதற்கு மேல் எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான் வரும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டி திறந்தது ஒரு தோல்வியால். ஜெஃபிடினிப் என்ற மாத்திரை வந்தபோது அதைப் பற்றிப் பெரிய பேச்சு. 28 நாடுகளில் 1,692 பேரிடம், வெற்று மாத்திரையோடு எழுமாற்று முறையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆய்வின் பெயர் ஐசெல். 2005இல் அச்சான முடிவின்படி ஆயுள் 5.6 மாதம், வெற்று மாத்திரைக்கு 5.1. வேறுபாடு இல்லை என்றுதான் அதை வாசிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அந்த மாத்திரையை ஏற்கெனவே எடுத்துக் குணம் கண்டவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். ஆனால் அதே ஆய்வின் உள்ளடுக்கில் ஆசியர்களின் ஆயுள் 9.5 மாதம், அவர்களுக்கான வெற்று மாத்திரைக் குழுவில் 5.5. புகைக்காதவர்களிடமும் பலன் தெரிந்தது. ஏன் என்பதற்கு விடை முந்திய வருடமே வந்துவிட்டது. ஈ.ஜி.எப்.ஆர். என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஒரு பிறழ்வு இருக்கும் கட்டிகளே அந்த மாத்திரைக்குக் கரைகின்றன என்று 2004இல் அமெரிக்க ஆய்வுகூடங்கள் கண்டுபிடித்திருந்தன. அந்தப் பிறழ்வு புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் கிழக்காசியரிடமும் கூடுதலாக இருக்கிறது.

பிறகு வந்த ஐபாஸ் ஆய்வைத்தான் இந்தத் துறையின் திருப்பமாக நான் எண்ணுகிறேன். ஹொங்கொங்கின் டோனி மொக் முன்னின்று நடத்தி 2009இல் வெளியிட்டது. புகைக்காத அல்லது மிகக் குறைவாகப் புகைத்த 1,217 பேர், பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு கீமோ. பிறழ்வு இருந்தவர்களிடம் மாத்திரை நோய் வளரும் அபாயத்தைப் பாதியளவுக்குக் குறைத்தது. பிறழ்வு இல்லாதவர்களிடம் அதே மாத்திரை அந்த அபாயத்தைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கியது. இந்த இரண்டாவது பாதியை நம் பக்கத்தில் பலர் கவனிப்பதில்லை. புகைக்காத பெண், ஆசியர், அப்படியானால் பரிசோதிக்காமலே மாத்திரையைத் தொடங்கலாமே என்ற யோசனையின் விலை அந்த மூன்று மடங்கில் இருக்கிறது. முகத்தைப் பார்த்து மரபணுவைச் சொல்ல முடியாது. நம் கற்பனை உம்மாவுக்கும் பிறழ்வு இருக்கக்கூடும், ஆனால் பார்த்தால்தான் தெரியும்.

ஐபாஸில் சேர்ந்த நாடுகளை எண்ணிப் பாருங்கள்: சீனா, ஹொங்கொங், ஜப்பான், தாய்வான், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். 'ஆசியர்' என்ற சொல்லுக்குள் தென்னாசியா இல்லை. கிழக்காசியாவில் இந்த வகையின் ஓர் உட்பிரிவான சுரப்பிக்கலப் புற்றுநோய் உள்ளவர்களில் பாதிப் பேரளவுக்கு இருக்கும் பிறழ்வு, இந்திய ஆய்வுகளில் கால்வாசிப் பேருக்கு அருகில்தான் இருக்கிறது. இலங்கை மருத்துவர் ஒருவர் 'ஆசியாவில் பாதி' என்ற கணக்கை மனதில் வைத்து நோயாளியிடம் பேசினால், வேறு ஒருவரின் குடும்பக் கதையை இவருடைய கதையாகச் சொல்கிறார் என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2022 பெப்ரவரியில், சீனாவில் மட்டும் நடந்த ஆய்வை வைத்து சின்டிலிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கேட்டார்கள். நிபுணர் குழு 14க்கு 1 என்று, அமெரிக்க நோயாளரிடம் மேலும் ஆய்வு வேண்டும் என்றது. ஒரே நாட்டின் ஆய்வு எங்கள் மக்களைப் பிரதிபலிக்காது என்பது வாதம். நியாயமான வாதம்தான். மறுபக்கம், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் முடிந்த ஆய்வுகளை நாம் அப்படியே வாங்கிக்கொள்கிறோம். எங்களுக்குப் பொருந்துமா என்று கேட்பதற்கு எங்களிடம் அப்படியொரு குழுவும் உட்காருவதில்லை. இலங்கையில் மருத்துவ ஆய்வுகளுக்கென ஒரு பதிவேடு 2006 முதல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஏற்ற பதிவேடுகளில் அதுவும் ஒன்று. புத்தகம் இருக்கிறது, அதில் எழுத வேண்டிய புற்றுநோய் ஆய்வுகள்தான் போதாது.

இனி மாத்திரைகளின் பந்தயம். ஜெஃபிடினிப்பிற்கு அடுத்த தலைமுறை ஒசிமெர்டினிப். 2018இல் வந்த ஃபுளோரா ஆய்வில், பிறழ்வுள்ளவர்களின் நோயை அது 18.9 மாதம் கட்டிவைத்தது. பழைய மாத்திரைகள் 10.2 மாதம். ஆயுளும் 31.8இலிருந்து 38.6 மாதமாக ஏறியது. ஆனால் அதே ஆய்வில் ஆசியப் பிரிவை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஆயுளில் வேறுபாடு ஏறக்குறைய பூச்சியம். உட்பிரிவுக் கணக்குகளை நம்பி வீடு கட்டக்கூடாது என்பது தெரிந்ததுதான். ஐசெலில் உட்பிரிவு உண்மையைக் காட்டியது, இங்கே ஏமாற்றவும் செய்யலாம். இருந்தாலும் விலை பல மடங்கு கூடிய ஒரு மருந்தை வறிய நாடொன்று வாங்கும் முன், இந்தப் பூச்சியத்தைப் பார்த்துக் கொஞ்சம் கண்ணைச் சுருக்குவதில் தப்பில்லை.

அறுவை முடிந்தவர்களுக்கு இதே மருந்தை மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த அடோரா ஆய்வையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 682 பேர், ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 88, வெற்று மாத்திரைக் குழுவில் 78. மிகப் பெரிய வேறுபாடு. ஆனால் வெற்று மாத்திரைக் குழுவில் நோய் திரும்பிச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஒசிமெர்டினிப் போய்ச் சேரவில்லை. முன்கூட்டிக் கொடுத்ததால் கிடைத்த ஆதாயம் எவ்வளவு, பின்னர் கொடுக்காததால் வந்த நட்டம் எவ்வளவு என்று பிரிக்க முடியாத நிலை. ஒரு ஆய்வில் புதிய மருந்தைப் பெற்றவரை மட்டும் பார்ப்பது போதாது, எதிர்க்குழுவில் இருந்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

இந்தப் பந்தயத்தில் எனக்குப் பிடித்த ஆய்வு மும்பையில் நடந்தது. டாட்டா நினைவு மருத்துவமனையில் வனிதா நொரோனாவும் குமார் பிரபாஷும் சேர்ந்த குழு, ஒசிமெர்டினிப்பை வாங்க முடியாதவர்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டது. கையில் இருந்தவை மலிவான ஜெஃபிடினிப்பும், எல்லா இடத்திலும் கிடைக்கும் பழைய கீமோவும். 350 நோயாளரைப் பிரித்து, பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும், மற்றவர்களுக்கு மாத்திரையோடு பெமட்ரெக்செட்டும் கார்போபிளாட்டினும் கொடுத்தார்கள். 2020இல் அச்சான முடிவில், நோய் கட்டுப்பட்டிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக இரட்டித்தது. ஆயுளும் கூடியது. எழுந்து நடமாடினாலும் வேலை எதுவும் செய்ய முடியாத நிலையில் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்தது என்பதால், முடிவு நம் வார்ட்டுகளுக்கு இன்னும் கிட்டவாக இருக்கிறது. விலை உண்டு. கடுமையான பக்கவிளைவுகள் நூற்றுக்கு 25இலிருந்து 51 ஆக ஏறின. மூன்று வருடம் கழித்து, 2023இல், பெரிய கம்பனியும் அதே பாதைக்கு வந்தது. ஒசிமெர்டினிப்போடு கீமோவைச் சேர்த்த ஃபுளோரா 2 ஆய்வில் 16.7 மாதம் 25.5 ஆனது. வறுமையில் பிறந்த கேள்வி செல்வந்தரின் விடையாகத் திரும்பியது என்று சொன்னால் மிகையாகாது.

மாத்திரை மலிந்ததற்கும் ஒரு கதை உண்டு. ஜெஃபிடினிப்புக்கு இந்தியாவில் காப்புரிமை கிடைக்கவில்லை. நட்கோ போன்ற கம்பனிகள் அதைத் தாமே செய்து விற்றன. பங்களாதேஷ் வளர்ச்சி குறைந்த நாடுகளின் பட்டியலில் இருப்பதால் மருந்துக் காப்புரிமை விலக்கைப் பயன்படுத்தி, அங்குள்ள பீக்கன் கம்பனி ஒசிமெர்டினிப்பையே சொந்தப் பெயரில் செய்கிறது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2022இல் டொலர் தீர்ந்து ஆஸ்பத்திரிகளில் சேலைன்கூடத் தட்டுப்பட்ட நாட்களில், நடுத்தர வருமான நாடு என்ற பெயரால் நமக்கு என்ன கிடைத்தது என்று யோசித்தவர்கள் பலர்.

பிறழ்வு எதுவும் இல்லாதவர்களுக்கு இப்போது வேறொரு வழி திறந்திருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியின் பிரேக்கை எடுத்துவிடும் மருந்துகள். அந்த பிரேக்கைக் கண்டுபிடித்ததற்காக அலிசனுக்கும் ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு. 2016இல் வந்த கீநோட் 024 ஆய்வில், பி.டி.எல்.1 என்ற அடையாளம் கட்டியில் பாதிக்கு மேற்பட்ட கலங்களில் இருந்த 305 பேரைச் சேர்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து, பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களில் நூற்றுக்கு 32 பேர் இருந்தார்கள், கீமோ பெற்றவர்களில் 16 பேர். பரவிய நுரையீரல் புற்றுநோயில் ஐந்து வருடம் என்பது 2002இன் 7.9 மாதக் கணக்கை வைத்துப் பார்த்தால் நினைத்துப் பார்க்க முடியாதது. 2025இல் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தை நுரையீரல் புற்றுநோய்க்காகவும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தால் அலுமாரியில் வந்துவிடுமா என்பது வேறு விஷயம்.

இங்கேயும் மலிவான கேள்விதான் நமக்கு உதவும். எல்லாருக்கும் ஒரே அளவாக 200 மில்லிகிராம் என்று இந்த ஊசி விற்கப்படுகிறது. ஆனால் 2016இல் வந்த கீநோட் 010 ஆய்வில் 1,034 பேருக்கு, உடம்பின் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்ற இரண்டு அளவுகளைக் கொடுத்துப் பார்த்தபோது பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய அளவே போதுமானால் 50 கிலோ எடையுள்ள நம் உம்மாவுக்கு 100 மில்லிகிராம், அதாவது பாதி. கனடாவில் எடைக் கணக்கில்தான் கொடுக்கிறார்கள். இன்னும் கீழே போனது மறுபடியும் டாட்டா மருத்துவமனை. தலை, கழுத்துப் புற்றுநோயில், நிவோலுமாப்பை வழக்கமான அளவில் நூற்றுக்கு ஆறு பங்காக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராமாகக் கொடுத்தார்கள். 151 பேர். ஒரு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 43.4 வீதம், அது பெறாதவர்கள் 16.3 வீதம். இது நுரையீரலில் செய்த ஆய்வு அல்ல, அப்படியே மாற்றிப் பொருத்தக் கூடாது. ஆனால் வெற்றிலை, புகையிலையால் வாய்ப் புற்றுநோய் ஆண்களிடம் முதலிடம் பிடித்த நம் நாட்டில், இந்த முடிவை எந்த வகையிலும் அலட்சியம் செய்ய முடியாது.

நோய் நெஞ்சுக்குள்ளேயே நின்று, ஆனால் வெட்டி எடுக்க முடியாத மூன்றாம் நிலையில் இருந்தால் கதிரும் கீமோவும் ஒருமித்து. கதிரைக் கூட்டினால் நல்லது என்று எண்ணி 60 கிரேயை 74 ஆக்கிப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2015இல் எதிர்மாறாக முடிந்தது. கூடுதலாகப் பெற்றவர்கள் 20.3 மாதம், குறைவாகப் பெற்றவர்கள் 28.7 மாதம். அதன் பிறகு கதிர் முடிந்தவர்களுக்கு டர்வாலுமாப் கொடுத்த பசிபிக் ஆய்வு ஐந்து வருட ஆயுளை 33 வீதத்திலிருந்து 43 வீதமாக்கியது. ஆரம்ப நிலை அறுவையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. ஜப்பானில் நுரையீரல் மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதே போதும் என்று 2022இல் காட்டினார்கள். ஆனால் நம் பக்கத்தில் அந்த நிலையில் கிளினிக்குக்கு வந்து சேர்பவர்கள் அபூர்வம்.

அப்படியானால் முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துத் தேடலாமா? அமெரிக்காவில் 53,454 அதிகம் புகைத்தவர்களிடம் செய்த ஆய்வு, நுரையீரல் புற்று மரணம் நூற்றுக்கு 20 குறைந்ததாக 2011இல் சொன்னது. சந்தேகம் என்று வந்த ஸ்கேன்களில் நூற்றுக்கு 96 வீண் சந்தேகம் என்பதும் அதே ஆய்வில் உண்டு. பழைய சயரோகத் தழும்புகள் நிறைந்த நெஞ்சுகளில் அந்த வீண் சந்தேகம் இன்னும் கூடும். தாய்வானில் புகைக்காத 12,011 பேரை, சமையல் புகையையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு ஸ்கேன் செய்து, நூற்றுக்கு 2.6 பேரிடம் புற்று கண்டார்கள். அவற்றில் எத்தனை உயிரைக் குடித்திருக்கும், எத்தனை தூங்கியே கிடந்திருக்கும் என்பது இன்னும் விவாதம். விறகுப் புகையை உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 'அநேகமாகப் புற்றுண்டாக்கும்' வரிசையில் வைத்திருக்கிறது. அடுப்படிக்கு ஒரு புகைபோக்கி வைப்பது ஸ்கேன் இயந்திரத்தைவிட மலிவு. அதை எழுமாற்று ஆய்வு செய்து நிரூபிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

இத்தனை ஆய்வுகளிலும் மருந்தின் பெயரே இல்லாத ஒன்று 2010இல் வந்தது. பொஸ்டனில் ஜெனிபர் டெமெல் குழு, பரவிய நோயுள்ள 151 பேரில் பாதிப் பேரை, நோய் தெரிந்த உடனேயே வலி, மூச்சுமுட்டு, மனச்சோர்வு ஆகியவற்றைக் கவனிக்கும் ஆதரவுச் சிகிச்சைப் பிரிவுக்கும் அனுப்பியது. அவர்களுக்குக் கடைசி நாட்களில் தீவிரமான சிகிச்சை குறைவாகவே கொடுக்கப்பட்டது. ஆனாலும் அவர்கள் 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். அன்று புதிய மருந்துகள் பல கொடுத்ததைவிடக் கூடிய ஆதாயம் இது. இதற்கு வேண்டியது பயிற்சி பெற்ற தாதியர், மோர்பின், பேச நேரம் உள்ள ஒரு டொக்டர். மட்டக்களப்பிலேயே செய்யக்கூடிய காரியம். ஆனால் நம் குடும்பங்களில் வலி மருந்தைக் கேட்பது தோல்வியை ஒப்புக்கொள்வது போலப் பார்க்கப்படுகிறது. "மோர்பின் குடுத்தா முடிவு கிட்டிட்டுது எண்டுதானே அர்த்தம்" என்று சொல்லி அதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆய்வு சொல்வது நேர்மாறு.

ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை சுமார் 15 கிலோமீற்றர். அங்கே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, கீமோ ஏற்றிக்கொண்டு பின்னேரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு எழுதிவிட்டால் இரவு ரயில். வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை என்று இருட்டுக்குள் ஊர்ந்து, விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏற வேண்டும். அந்த வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் வேண்டும் என்று 2016இல் கதீஜா அறக்கட்டளை தொடங்கிய நிதி சேகரிப்புக்கு நாடெங்கும் ஜாதி, மதம் பாராமல் காசு விழுந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இயந்திரத்துக்கு மக்கள் காசு போடுவார்கள். மரபணுப் பரிசோதனைக்கு யாரும் உண்டியல் வைப்பதில்லை, கண்ணுக்குத் தெரிகிற பொருளாக அது இல்லை.

இவ்வளவு ஆய்வுகளையும் வாசித்தபின் எனக்குப் பட்டது இதுதான்: நம் உம்மாவுக்கும் இந்த அறிவுக்கும் நடுவே பாலம் உடைந்திருப்பது மருந்து இருக்கும் இடத்தில் அல்ல, அதற்கு முந்திய படியில். அரச வைத்தியசாலையில் கட்டில் இலவசம், கீமோ இலவசம். கட்டியில் எந்தப் பிறழ்வு என்று பார்க்கும் பரிசோதனைக்குப் பலர் தனியார் ஆய்வுகூடத்தைத்தான் தேடுகிறார்கள். அதற்குக் காசு கட்டும் முன்பே, எடுத்த துணுக்கு போதாது என்று சொல்லப்பட்டால் மறுபடியும் ஊசி. 2004க்குப் பிந்திய புதிய மருந்து ஆய்வுகளில் பல அந்தத் துணுக்கைக் கொண்டுதான் தொடங்குகின்றன. அது இல்லாமல் நாம் இன்னும் 2002இல்தான் நிற்கிறோம், நான்கு கீமோவும் சரிசமம் என்ற இடத்தில்.

வந்தாறுமூலை ஏறாவூருக்கு அடுத்த ரயில் நிலையம், அங்கேதான் கிழக்குப் பல்கலைக்கழகம். அதற்கு மருத்துவம் படிப்பிக்கும் பீடமும் உண்டு. கிழக்கிலங்கை நோயாளரில் எத்தனை பேருக்கு எந்தப் பிறழ்வு என்று எண்ணிச் சொல்ல, புதிய மருந்தும் வேண்டாம், எழுமாற்றும் வேண்டாம். இழையத் துணுக்கை மெழுகில் பதித்துச் சதுரமாக்கி வைக்கிறார்கள். விரல் நுனியளவு. வருடக்கணக்கில் கெடாது, ஆய்வுகூட அலுமாரிகளில் இலக்கத்தோடு அடுக்கியிருக்கும். அவற்றை எடுத்துப் பரிசோதித்தாலே கணக்கு வந்துவிடும்.

ஒரு நோயாளிக்கும் அந்த மெழுகுத் துண்டே ஆதாரம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், இந்தியாவுக்கு அனுப்பினாலும், ஒரு வருடம் கழித்துப் புதுப் பரிசோதனை வந்தாலும் மறுபடி நெஞ்சில் ஊசி விடாமல் அதை எடுத்துக்கொடுக்கலாம். அறிக்கைத் தாளின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு இலக்கம் இருக்கும். எக்ஸ்ரே உறையையும் ஸ்கேன் படத்தையும் பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுருட்டி வைக்கிற மகன்மார், அந்த இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் பேனையால் பெரிதாக எழுதி வைக்கட்டும்.